பொத்தானுக்குப் பதறாதீர்கள்: ஃபயர் புரோ ரெஸ்லிங் வேர்ல்ட் ஆடக் கற்கும் முறை

ஃபயர் புரோ ரெஸ்லிங் வேர்ல்ட் என்ற மல்யுத்த வீடியோ கேமை முதல்முறை திறக்கும் ஒருவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தோற்கிறார். மணி அடித்ததும் எதிராளியை நோக்கி ஓடுகிறார், இருவரும் கட்டிப் பிடித்ததும் கையில் இருக்கும் பொத்தான்களையெல்லாம் வேகவேகமாகத் தட்டுகிறார், அடுத்த நொடி தன் வீரர் முதுகில் விழுந்து கிடப்பதைப் பார்க்கிறார். எழுந்து மீண்டும் ஓடுகிறார், மீண்டும் விழுகிறார். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது, ஏன் தோற்றோம் என்பது மட்டும் புரிவதில்லை. நானும் முதல் நாள் மாலை முழுவதும் இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தேன். கணினி ஏதோ கள்ளாட்டம் ஆடுகிறது என்றே அன்று நினைத்தேன். உண்மையில் தவறு என் விரல்களில் இருந்தது. அந்தத் தவறை எப்படித் திருத்திக்கொள்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டெக்னோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ரெஸில்ஃபெஸ்ட் போன்ற ஆர்கேட் கேம்களில், ஹல்க் ஹோகனையோ அல்டிமேட் வாரியரையோ எடுத்துக்கொண்டு கோதாவில் இறங்கினால், யார் வேகமாகப் பொத்தானைத் தட்டுகிறாரோ அவர் கைதான் ஓங்கும். காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கு அந்த வேகம் பொருத்தமானது. இரண்டு மூன்று நிமிடங்களில் ஆட்டம் சூடுபிடித்தாக வேண்டும். அதன் வாரிசாக 2021இல் வந்த ரெட்ரோமேனியா ரெஸ்லிங்கும் அந்தக் காலத்துப் பருத்த உடல்களையும் பளிச்சென்ற வண்ணங்களையும் மீட்டுக் கொண்டுவந்ததற்காகவே விரும்பப்பட்டது. ஃபயர் புரோவும் பார்வைக்கு அதே பழைய காலத்துப் பிக்சல் உருவங்களால் ஆனதுதான் என்பதால், ஆடும் முறையும் அதுவாகவே இருக்கும் என்று நம்பி ஏமாறுவது இயல்பு. ஆனால் இது வேறு குடும்பத்துப் பிள்ளை.

அந்தக் குடும்பத்தின் கதை சுருக்கமானது. ஜப்பானின் ஹியூமன் நிறுவனம் 1989இல் பிசி எஞ்சின் என்ற வீட்டுக் கருவிக்காக முதல் ஃபயர் புரோவை வெளியிட்டது. ஹியூமன் மூடப்பட்ட பிறகு தொடர் ஸ்பைக் நிறுவனத்திடம் வந்தது. அது பின்னர் ஸ்பைக் சுன்சாஃப்ட் ஆனது. பிளேஸ்டேஷன் 2க்காக ஜப்பானில் 2005இல் வந்த ரிட்டர்ன்ஸ் பதிப்பை ரசிகர்கள் பல ஆண்டுகள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடையில் 2012இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு அவதார் பொம்மைகளை வைத்து வந்த ஒரு பதிப்பு அவர்களுக்குப் பெரும் ஏமாற்றமாக முடிந்தது. ஆகவே 2017 ஜூலையில் வேர்ல்ட் பதிப்பு ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் முன்னோட்ட நிலையில் வந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுமை பெற்றபோது, அதை வரவேற்றவர்களின் மகிழ்ச்சியில் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு கலந்திருந்தது. 2018இல் அது பிளேஸ்டேஷன் 4க்கும் வந்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். விசைப்பலகையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கன்ட்ரோலரைக் கையில் எடுங்கள். திசைப் பொத்தான்களைத் துல்லியமாக அழுத்த வேண்டிய கேம் இது. மிஷன் பகுதியில் அடிப்படைகளைச் சொல்லித்தரும் பயிற்சிகள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிறகு ஒருவருக்கு ஒருவர், சாதாரண விதிகள், கணினியின் திறன் அளவு மிகக் குறைவு என்று ஓர் ஆட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முள்கம்பி, இரும்புக் கூண்டு, வெடி என்று கண்ணைப் பறிக்கும் ஆட்ட வகைகள் பட்டியலில் இருக்கும். அவற்றை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

முதலில் நடக்கக் கற்க வேண்டும். திரையில் ரிங் சாய்வாக, வைர வடிவில் தெரியும். ஆனால் வீரர்கள் எப்போதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ பார்த்துத்தான் நிற்பார்கள். எதிராளி உங்களுக்கு ஒரு சாண் மேலேயோ கீழேயோ நின்றால் உங்கள் உதை காற்றில்தான் போகும். அடி விழவில்லை என்று புகார் சொல்லும் புதியவர்களில் பெரும்பாலானோர் இந்த மட்டத்தைக் கவனிக்காதவர்கள். ஆகவே முதல் இரண்டு ஆட்டங்களில் வெற்றியைப் பற்றிக் கவலைப்படாமல், எதிராளியோடு ஒரே நேர்கோட்டில் வந்து நிற்பதையும், அங்கிருந்து விலகுவதையும், கயிற்றை நோக்கி ஓடித் திரும்புவதையும் மட்டும் பழகுங்கள். எதிராளி ஓங்கும் உதை உங்கள் தலைக்கு மேலே வெறுமையில் போகும்படி ஒரு அடி நகர்ந்து நிற்கத் தெரிந்துவிட்டால், கால்வாசிப் பாடம் முடிந்துவிட்டது.

அடுத்ததுதான் இந்த கேமின் உயிர்நாடி. இருவரும் நெருங்கினால் நீங்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தாமலே மல்லுக்கட்டு தொடங்கிவிடும். அந்தக் காட்சியை ஒருமுறை சும்மா உற்றுப் பாருங்கள். இரண்டு வீரர்களும் உடலைச் சற்றுத் தாழ்த்தி ஒரு காலை முன்னே வைக்கிறார்கள். கால் தரையில் ஊன்றும் ஓசை கேட்கிறது. கைகள் எதிராளியின் கழுத்திலும் தோளிலும் பதிகின்றன. கைகள் பதியும் அந்தக் கணத்தில், ஒரே ஒரு முறை, பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு முன்பே அழுத்தியவர் தோற்பார், வெகுநேரம் கழித்து அழுத்தியவரும் தோற்பார். பத்து முறை தட்டியவரின் முதல் தட்டே முந்திப்போன தட்டு என்பதால், மற்ற ஒன்பதும் வீண். பதறாத காரியம் சிதறாது என்று நம் வீடுகளில் சொல்வது இந்த ஒரு நொடிக்காகவே சொன்னது போல இருக்கும்.

இதைப் பழகுவதற்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. முதல் பத்து மல்லுக்கட்டுகளில் பொத்தானை அழுத்தவே அழுத்தாமல், கால் ஊன்றும் ஓசைக்கு வாயால் தாளம் மட்டும் போடுங்கள். விழுந்தால் விழட்டும். பதினோராவது மல்லுக்கட்டில், தாளம் விழும் இடத்தில் விரலையும் விடுங்கள். கண்ணைவிடக் காது விரைவில் பழகிக்கொள்கிறது. எனக்கு இரண்டாம் நாள் இரவில்தான் இது கைவந்தது. ஒருமுறை கைவந்த பிறகு பல மாதம் ஆடாமல் இருந்து திரும்பினாலும் மறப்பதில்லை. எதிராளியின் பின்பக்கமாக நெருங்கிப் பிடிக்கும்போதும் இதே கணக்குத்தான். கணினியின் திறன் அளவைக் கூட்டக் கூட்ட அதன் பதில் இன்னும் துல்லியமாகும் என்பதால், பத்துக்கு ஆறு பிடிகள் உங்களுடையவை என்ற நிலை வந்த பிறகே அளவை ஒரு படி ஏற்றுங்கள்.

சரியான கணத்தில் அழுத்தியும் உங்கள் வீரர் விழுகிறார் என்றால், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். மெலிந்த பிடி, நடுத்தரப் பிடி, வலிய பிடி என்று மூன்று பொத்தான்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் தனியாகவும், மேல், கீழ், பக்கவாட்டுத் திசைகளோடு சேர்த்தும் அழுத்தினால் வேறு வேறு பிடிகள் வரும். மணி அடித்த அரை நிமிடத்தில், எதிராளியை உயரத் தூக்கி முதுகு தரையில் மோத அடிக்கும் பவர்பாம் போட முயன்றால், களைப்பே இல்லாத எதிராளி அதைத் திருப்பி உங்கள் மேலேயே போட்டுவிடுவார். முதலில் பாடி ஸ்லாம், கைப்பூட்டு போன்ற சிறிய பிடிகள். எதிராளி எழத் தாமதிக்கத் தொடங்கிய பிறகு, அவரைத் தூக்கிப் பின்புறமாக வீழ்த்தும் சூப்ளெக்ஸ் போன்ற நடுத்தரப் பிடிகள். அவர் தள்ளாடும்போதுதான் பெரிய பிடிகள். இந்த வரிசையை மீறுவதற்கு அனுபவசாலிகளே யோசிப்பார்கள். மல்லுக்கட்டின்போது ஓடும் பொத்தானை அழுத்தினால் எதிராளியைக் கயிற்றை நோக்கியோ மூலையை நோக்கியோ விரட்டலாம். நடுத்தரப் பிடிகளுக்கு நேரம் வரவில்லை என்று தோன்றும்போது ஆட்டத்தை நகர்த்த அது நல்ல உபாயம்.

இந்த வரிசை வெறும் விளையாட்டு விதி அன்று, ஜப்பானிய மல்யுத்தத்தின் இலக்கணமே அதுதான். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் கசுசிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதிய ஆட்டம் 46 நிமிடங்களுக்கு மேல் நீண்டது. அதன் முதல் கால்மணி நேரத்தைப் பார்த்தால், இருவரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்ப்பதே பெரும்பகுதி. டிரம்ப் கார்டிலும் தொலைக்காட்சியிலும் அமெரிக்க மல்யுத்தத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த நிதானம் முதலில் அன்னியமாகத் தோன்றலாம். அப்படி ஓர் ஆட்டத்தை முழுமையாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்து ஃபயர் புரோ ஆடினால், எந்தப் பாடமும் சொல்லித்தராத ஒன்று தானாகப் புரிந்துவிடும்.

எதிராளி எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதை அறியத் திரையில் எந்தக் கோடும் பட்டையும் இருக்காது. புதியவர்கள் மிகவும் திகைப்பது இங்கேதான், பழையவர்கள் மிகவும் கொண்டாடுவதும் இதைத்தான். உடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்தவர் எத்தனை நேரம் கழித்து எழுகிறார், எழும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார், நிற்கும்போது குனிந்து மூச்சு வாங்குகிறாரா என்பதெல்லாம் உங்களுக்கான செய்திகள். உங்கள் வீரருக்கும் மூச்சு என்று ஒன்று உண்டு. ஓடியும் அடித்தும் அது குறையும். குறைந்த நிலையில் எல்லாப் பிடியும் தோற்கும். எதிராளி தரையில் கிடக்கும்போது அவர் மேல் பாயாமல், சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு நில்லுங்கள். ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து முறையாவது இதைச் செய்ய வேண்டும். இதை மட்டும் கடைப்பிடித்தே தோல்விகளில் பாதியைத் தவிர்க்கலாம் என்பது என் அனுபவம்.

காயங்களும் பகுதி பகுதியாகக் கணக்கில் சேரும். கழுத்து, கை, இடுப்பு, கால் என்று நான்கு இடங்கள். உங்கள் வீரரின் கடைசி ஆயுதம், குப்புறக் கிடப்பவரின் கால்களைப் பின்னோக்கி வளைக்கும் பாஸ்டன் கிராப் என்றால் முதலிலிருந்தே இடுப்பைக் குறிவையுங்கள். கையை முறுக்கும் பூட்டு என்றால் சிறிய பிடிகளிலேயே கையைப் பதம் பார்த்து வாருங்கள். இடத்துக்கு ஒன்றாக அடித்துத் தீர்ப்பவரைவிட, ஒரே இடத்தைத் தேடித் தேடி அடிப்பவர் எதிராளியை விரைவில் சரணடைய வைப்பார். தோளை அழுத்தி மூன்று எண்ணும்போது நடுவர் எங்கே நிற்கிறார் என்றும் பாருங்கள். அவர் அந்த இடத்துக்கு நடந்து வந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். நடுவரே அடிபட்டு விழுந்து கிடப்பதும் உண்டு. ரிங்கின் நடுப்பகுதியில், நடுவர் அருகில் இருக்கும்போது தோளை அழுத்துவது உத்தமம்.

கிரிட்டிக்கல் பற்றி ஒரு வார்த்தை. எப்போதாவது ஒரு பிடி விழுந்த கணத்தில் திரையில் அந்தச் சொல் பெரிதாகத் தோன்றும். அத்தோடு ஆட்டம் முடிந்தது, வாங்கியவர் எழமாட்டார். ஒவ்வொரு வீரருக்கும் அது எந்த வகைத் தாக்குதலில் வரக்கூடும் என்பது தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. இருபது நிமிடம் பாடுபட்டுக் கட்டிய ஆட்டம் ஒரே நொடியில் பறிபோவதை அநியாயம் என்று சொல்லும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, எந்த நொடியிலும் முடியலாம் என்பதால்தான் கடைசிவரை மனம் தளராமல் பார்க்கத் தோன்றுகிறது.

ஆட்டம் முடிந்ததும் அது எவ்வளவு சுவையாக இருந்தது என்பதை விழுக்காட்டில் ஒரு மதிப்பெண்ணாகத் தருவார்கள். இரண்டு நிமிடத்தில் எதிராளியை அடித்துத் தூக்கியெறிந்தவருக்கு வெற்றி கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது. இருவரும் மாறி மாறிக் கை ஓங்கி, பெரிய பிடிகளிலிருந்து மீண்டெழுந்து, இறுதியில் முடிந்த ஆட்டத்துக்குத்தான் உயர்ந்த மதிப்பெண். ஆகவே வெல்லக் கற்ற பிறகு, மதிப்பெண்ணுக்காக ஆடிப் பாருங்கள். எதிராளிக்கும் சில பிடிகளை விட்டுக்கொடுத்து, ஆட்டத்தை ஏற்றி இறக்கி நடத்துவது வெல்வதைவிடக் கடினமான, வெல்வதைவிட இன்பமான கலை. ஆட்டக்காரர்கள் இந்த கேமைப் பாராட்டிய இடங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுவே.

இதுவரை சொன்னது பாதிதான், இந்தத் தொடரை முப்பது ஆண்டுகளாக உயிரோடு வைத்திருப்பது எடிட் பகுதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிடிகளிலிருந்து தேர்ந்தெடுத்து உங்கள் சொந்த வீரரை உருவாக்கலாம். முகம், உடை, நிறம் ஆகியவற்றில் மணிக்கணக்கில் மூழ்கிவிடுவது எளிது. நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் லாஜிக் என்ற பக்கம். கணினி உங்கள் வீரரை இயக்கும்போது அவர் எந்தச் சூழலில் என்ன செய்வார் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அங்கே நிரப்ப வேண்டும். எதிராளி இன்னும் களைக்காத நிலை, நடுத்தரமாகக் களைத்த நிலை, மிகவும் களைத்த நிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு பட்டியலின் கூட்டுத்தொகையும் 100 ஆக வேண்டும்.

எடுத்துக்காட்டாக நான் உருவாக்கிய ஒருவரைச் சொல்கிறேன். வயதான, பருத்த உடல்வாகுள்ள, ஆட்டம் முழுக்க லாரியட் ஒன்றையே, அதாவது நீட்டிய கையால் எதிராளியின் கழுத்தில் மோதும் அடியையே, நம்பியிருக்கும் முதியவர் அவர். முதல் நிலைப் பட்டியலில் பாடி ஸ்லாமுக்கு 30, மார்பில் அறையும் அடிக்கு 30, கயிற்றை நோக்கி விரட்டுவதற்கு 20, மீதியைச் சில்லறைப் பிடிகளுக்குப் பிரித்தேன். லாரியட்டுக்கு அங்கே சுழியம். கடைசி நிலையில் மட்டும் லாரியட்டுக்குப் பெரும்பங்கு கொடுத்தேன். முதல் முயற்சியில் அவர் கயிற்றை நோக்கி விரட்டி விரட்டியே மூச்சிழந்து தோற்றார். 20ஐ 8 ஆக்கிவிட்டு, மிச்சத்தை மெதுவான பூட்டுப்பிடிகளுக்குத் தந்ததும், அந்த ஆள் உண்மையிலேயே வயதான மல்லரைப் போல நிதானமாக ஆடத் தொடங்கினார். ஒரு பிடிக்குப் பின் எந்தப் பிடி தொடர வேண்டும் என்ற முன்னுரிமையையும் அமைக்கலாம். முதல்முறை ஒன்றிரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அதிகம் வைத்தால் வீரர் மனப்பாடம் ஒப்பிப்பவர் போல ஆகிவிடுவார்.

சொந்தமாக உருவாக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஸ்டீம் வொர்க்‌ஷாப் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் உருவாக்கிய வீரர்கள், ரிங்குகள், நடுவர்கள் அங்கே குவிந்து கிடக்கிறார்கள். வேண்டியதைச் சேர்த்துக்கொண்டால் போதும். கணினிப் பதிப்பு பெற்ற பாராட்டில் பெரும்பங்கு இதற்கே உரியது. ஒருவரைச் சேர்க்கும் முன் அவருடைய லாஜிக் பற்றி உருவாக்கியவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். உருவம் அச்சு அசலாக இருந்தும் லாஜிக் வெறுமையாக இருந்தால், கோதாவில் அவர் வெறும் பொம்மைதான்.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. மெனுக்கள் குழப்பமானவை, ஓர் அமைப்பைத் தேடி நாலு பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். இணையவழி ஆட்டத்தில் தாமதம் ஏற்படுகிறது என்ற புகார் தொடர்ந்து எழுந்தது; கணப்பொழுதை நம்பிய ஆட்டத்தில் அது சிறிய குறை அன்று. ஆகவே நண்பரோடு ஆடுவதானால் ஒரே அறையில், ஒரே திரையில் ஆடுங்கள். பிக்சல் உருவங்கள் பழையவை என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பெரும்பொருள் செலவில் எடுக்கப்பட்ட டபிள்யூடபிள்யூஈ 2கே20 என்ற மல்யுத்த கேம் 2019இல் பிழைகள் மலிந்து வெளிவந்து கடும் கண்டனத்துக்கு ஆளானபோது, அழகைவிட ஆட்டம் முக்கியம் என்று ஃபயர் புரோ ரசிகர்கள் சொல்லி வந்ததற்குப் புதிதாகச் செவிசாய்க்க ஆள் கிடைத்தார்கள்.

கதைப்போக்கில் ஆட விரும்பினால் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் நிறுவனத்தோடு இணைந்து 2018இல் சேர்த்த ஃபைட்டிங் ரோடு பகுதிக்குப் போகலாம். பயிற்சிக்கூடத்தில் சேரும் இளம் வீரராகத் தொடங்கி, தனஹாஷி, நைட்டோ போன்ற நட்சத்திர மல்லர்கள் இருக்கும் உலகத்தில் மேலே வர வேண்டும். உரையாடல் வாசிப்பு மிகுதி, நடை மெதுவானது. ஆனால் சிறிய பிடிகளை மட்டும் கொண்ட ஒருவரை வைத்து வெல்லக் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல பள்ளி இந்த கேமில் இல்லை.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு மாலையை ஒதுக்குங்கள். நீங்கள் உருவாக்கிய வீரரையும் பட்டியலில் இருக்கும் ஒரு பெரும் வீரரையும் எதிரெதிரே நிறுத்தி, இருவரையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, கன்ட்ரோலரை மேசைமேல் வையுங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் இட்டு, உங்கள் வீரர் எந்த நிமிடத்தில் எந்தப் பிடியைப் போட்டார், எங்கே பொருத்தமில்லாமல் நடந்துகொண்டார், இறுதி மதிப்பெண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் லாஜிக் பக்கத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, அதே இருவரையும் மீண்டும் மோதவிடுங்கள்.